காத்திருக்கக்கூடிய கண்ணுக்கு அவசரம், பார்க்க வேண்டிய கண்ணுக்குத் தாமதம்

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 62 வயது. கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். சீனி வருத்தம் உண்டு. சில மாதங்களுக்கு முன் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் இலவசக் கண் பரிசோதனை முகாம் நடந்தது. இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது என்று சொல்லி, இன்னும் பலரோடு சேர்த்து அம்மாவையும் வேனில் ஏற்றிக் கண்டியிலுள்ள தனியார் கண் கிளினிக் ஒன்றுக்கு அழைத்துப் போனார்கள். மகளும் கூடப் போனார். டொக்டர் பார்த்தது சில நிமிடம். அதன்பின் ‘கவுன்சிலர் மிஸ்’ ஒருவர் தனி அறையில் உட்காரவைத்து மூன்று வகை லென்ஸ் பெக்கேஜ்களைக் காட்டினார். “அம்மாவுக்கு ஈபிஎப் காசு கிடைச்சிருக்கும்தானே” என்று கேட்டார். இன்றைக்கே பணம் கட்டினால் கழிவு, நாளைக்கு வந்தால் இல்லை. தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும். அரச ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று மகள் கேட்டபோது, “நுவரெலியாவில் என்ன நடந்தது என்று தெரியாதா?” என்ற பதில். வெளியே வேன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவத்தில் அம்மா கையெழுத்துப் போட்டார்.

வலது கண்ணுக்கு ‘கண்ணாடியே தேவைப்படாத’ மல்டிபோகல் லென்ஸ். முதலில் சொன்ன தொகை 240,000 ரூபா. சத்திரசிகிச்சை அன்று காலையில், அம்மாவுக்குச் சொட்டு மருந்து விட்ட பிறகு, “லென்ஸ் மாறுகிறது” என்று இன்னும் 50,000 கேட்டு வாங்கினார்கள். இடது கண்ணுக்கு முற்பணம் 100,000. அதற்காக வளையலை அடகு வைத்தார்கள். ஆறு வாரமாகிறது. இரவில் லைட்டைச் சுற்றி அம்மாவுக்கு வளையம் வளையமாகத் தெரிகிறது. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. முதல் இரண்டு வாரம் இருந்த தெளிவு இப்போது குறைந்துவிட்டது என்கிறார். கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர் பார்த்து “பழகிவிடும்” என்கிறார். சத்திரசிகிச்சை செய்த டொக்டரை அதன்பின் சந்திக்கவே முடியவில்லை. கடைசியாகப் போனபோது, மங்கலுக்கு ஒரு லேசர் செய்யலாம், அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். இப்போது இடது கண்ணுக்கு அடுத்த வாரம் நாள் குறித்து, வராவிட்டால் முற்பணம் திரும்பாது என்று அடிக்கடி அழைக்கிறார்கள். “வலது கண்ணைக் கெடுத்துவிட்டார்களா? இடது கண்ணைச் செய்யலாமா? கையெழுத்துப் போட்டாயிற்று, பணம் திரும்புமா? தம்பி பேஸ்புக்கில் போடப் போகிறேன் என்கிறான், விடலாமா? படித்த நானே அம்மாவை இப்படிக் கொண்டுபோய் மாட்டிவிட்டேனா?” என்று கேட்கிறார்.

டீச்சர்,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மாட்டிவிடவில்லை. தாயின் பார்வை போய்விடும் என்று ஒருவர் சொல்ல, வெளியே வேன் காத்திருக்க, பக்கத்தில் ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஆங்கிலப் படிவத்தை நிதானமாக வாசித்துக் கேள்வி கேட்க யாராலும் முடியாது. யோசிக்க நேரம் கிடைக்கக்கூடாது என்பதற்காகத்தான் அந்த அறையும் அந்தக் கழிவும் ஏற்பாடாகியிருக்கின்றன. கண் மருத்துவராக இதைச் சொல்ல எனக்கு வேதனையாக இருக்கிறது. லென்ஸ் எது என்ற முடிவை நோயாளியோடு பேசி எடுக்க வேண்டியவர் சத்திரசிகிச்சை செய்யும் நிபுணர். விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு பேசுபவரிடம் அந்த வேலையை விட்டது அவர்களுடைய பிழை.

இனி கண்ணுக்கு வருவோம். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. காத்திருக்கக்கூடிய இடது கண்ணுக்கு அவர்கள் அவசரப்படுத்துகிறார்கள். இப்போதே சரியாகப் பார்க்க வேண்டிய வலது கண்ணுக்குக் “காத்திருங்கள்” என்கிறார்கள். நீங்கள் இதை அப்படியே திருப்பிப் போட வேண்டும்.

வலது கண்: இந்த வாரமே இன்னொரு நிபுணர் பார்க்கட்டும்

“கெடுத்துவிட்டார்களா” என்று கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. ஆனால் அம்மா சொல்லும் மூன்று குறைகளுக்கும் மூன்று வேறு காரணங்கள் இருக்கலாம்.

லைட்டைச் சுற்றி வளையம் தெரிவது அந்த லென்ஸின் இயல்பு. சாதாரண மொனோபோகல் லென்ஸ் ஒளியை ஒரே தூரத்துக்குக் குவிக்கும். தூரம் தெளிவாகத் தெரியும், வாசிக்கக் கண்ணாடி வேண்டும். மல்டிபோகல் அதே ஒளியைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கிடுகிறது. பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது குறையும். அதனால் இரவில் வெளிச்சத்தைச் சுற்றி வளையமும் கூச்சமும் தெரியும், மங்கலான வெளிச்சத்தில் பொருள்களைப் பிரித்தறிவதும் கொஞ்சம் குறையும். மூளை இதற்குப் பழகிக்கொள்ளச் சில மாதங்கள் எடுக்கும், பெரும்பாலோருக்குப் பழகியும் விடும். ஆக, “பழகிவிடும்” என்று கிளினிக் சொன்னது முழுப் பொய் இல்லை. ஆனால் இதைச் சத்திரசிகிச்சைக்கு முன்னமே சொல்லியிருக்க வேண்டும். விடியற்காலையில் மூடுபனிக்குள் லயத்துப் படிக்கட்டில் இறங்கும் ஒருவருக்கு இந்த லென்ஸ் பொருந்துமா என்று ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும்.

ஊசியில் நூல் கோர்க்க முடியாததற்குக் காரணம் சின்னதாகவும் இருக்கலாம். சத்திரசிகிச்சைக்குப் பின் கொஞ்சம் பவர் மிஞ்சியிருக்கும், அல்லது கருவிழியின் வளைவில் கோணல் இருக்கும், அல்லது கண் வரண்டிருக்கும். ஒழுங்காகப் பவர் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரு கண்ணாடியால் சரியாகலாம். ‘கண்ணாடியே தேவைப்படாது’ என்று விற்ற இடத்தில் கண்ணாடி எழுதிக் கொடுக்கத் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் அம்மாவுக்கு வேண்டாம்.

என்னைக் கவலைப்படுத்துவது மூன்றாவது விஷயம்தான். முதலில் தெளிவாக இருந்த பார்வை பிறகு மங்கியிருக்கிறது என்கிறீர்கள். புரை எடுத்து நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோர்த்து வீங்குவது உண்டு. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இது அதிகம். சீனியால் விழித்திரை முன்பே பாதிக்கப்பட்டிருந்தால் இன்னும் அதிகம். பார்த்துக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சொட்டு மருந்திலேயே குறையும். பார்க்காமல் விட்டு நாள்பட்டால் நிரந்தரக் குறையாகத் தங்கிவிடலாம். இதைக் கண்டுபிடிக்க ஓசிடி என்ற ஸ்கேன் போதும். கண்ணைத் தொடாமல், வலியில்லாமல் சில நிமிடத்தில் முடியும். கிளினிக் கொடுத்த ரிப்போர்ட்டில் விழித்திரை பற்றி ஒரு வரியும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சீனி வருத்தக்காரர் ஒருவருக்கு விழித்திரையை நன்றாகப் பார்க்காமல் மல்டிபோகல் லென்ஸ் வைப்பது நல்ல மருத்துவம் இல்லை. விழித்திரையில் குறை உள்ளவருக்கு அந்த லென்ஸைத் தவிர்க்கும்படிதான் நாங்கள் சொல்வோம். பார்த்தார்கள், எழுதாமல் விட்டார்கள் என்றாலும் இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த லேசருக்கு இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். அவர்கள் சொல்வது, லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய உறை மங்கும்போது அதில் சின்னத் துவாரம் போடும் யாக் லேசராக இருக்க வேண்டும். தேவைப்படும் இடத்தில் நல்ல சிகிச்சை அது. ஆனால் அந்த உறை மங்குவது வழக்கமாக மாதங்கள், வருடங்கள் கழித்து. ஆறாவது வாரத்தில் மங்கலுக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இன்னொரு முக்கியமான காரணமும் உண்டு. நாளைக்கு இந்த மல்டிபோகலை எடுத்துவிட்டுச் சாதாரண லென்ஸ் வைக்க வேண்டிய நிலை வந்தால், உறை முழுசாக இருந்தால்தான் அது ஓரளவு பத்திரமாகச் செய்யக்கூடியது. துவாரம் போட்ட பிறகு மாற்றுவது கடினம், ஆபத்தும் கூடும். லென்ஸ் மாற்றுவது இன்னொரு சத்திரசிகிச்சை. எல்லோருக்கும் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் அந்தக் கதவை இப்போதே அடைக்க வேண்டாம். மாற்றுவதென்றாலும் லென்ஸ் உள்ளே நன்றாக ஒட்டிப்போவதற்கு முன் சில மாதங்களுக்குள் செய்வதே இலகு. வலது கண்ணை இந்த வாரமே காட்டச் சொல்வது இதனாலும்தான்.

அப்புறம், கண் திடீரென்று சிவந்து வலித்தாலோ, பார்வை ஒரே நாளில் குறைந்தாலோ, மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தாலோ, பார்வைக்குள் கறுப்புத் திரை இறங்குவது போலிருந்தாலோ கிளினிக் தரும் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே, இரவானாலும், கண் பிரிவுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொற்றும் விழித்திரை விலகலும் அப்படித்தான் ஆரம்பிக்கும். மணிக்கணக்கில் முடிவு மாறும் விஷயங்கள் அவை.

இடது கண்: நேரம் உங்கள் கையில்

புரை தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும் என்ற பயத்தை வைத்துத்தான் உங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். வயதோடு வரும் புரை மெதுவாக முற்றுவது. அது கண்ணின் உள்ளே இருக்கும் வில்லை மங்குவது, நரம்பு செத்துப்போவது அல்ல. மற்றப் பகுதிகள் நன்றாக இருந்தால் இன்றைக்கு எடுத்தாலும் ஆறு மாதம் கழித்து எடுத்தாலும் பார்வை திரும்பும். விதிவிலக்கு இருக்கிறது. வருடக்கணக்காக விட்டு மிகவும் முற்றிய புரை கண்ணுக்குள் அழுத்தத்தைக் கூட்டிவிடும். கடும் கண்வலி, சிவப்பு, தலையிடி, வாந்தி என்று வரும். அது அவசரம். புரை அதிகம் இறுகினால் சத்திரசிகிச்சையும் சிரமமாகும். அதனால் வருடக்கணக்கில் விடச் சொல்லவில்லை. அடுத்த வாரம் செய்தே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை என்றுதான் சொல்கிறேன். வலது கண்ணில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இடது கண்ணைத் தொடுவதை எந்த நிதானமான நிபுணரும் விரும்ப மாட்டார்.

வலது கண்ணில் மல்டிபோகல் வைத்தாயிற்று, இடதிலும் அதுவேதான் வைக்க வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள். இரண்டு கண்ணிலும் இருந்தால் அந்த லென்ஸ் நன்றாக வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் முதல் கண்ணிலேயே சிரமப்படுபவருக்கு இரண்டாவதில் சாதாரண லென்ஸ் வைப்பதும் வழக்கத்தில் இருக்கிறது. இரவில் நடமாட ஒரு தெளிவான கண் கிடைக்கும். அம்மாவுக்கு எது பொருத்தம் என்பதை வலது கண்ணின் பரிசோதனை முடிந்த பிறகு முடிவு செய்யலாம்.

விலை கூடிய லென்ஸ் என்றால் கூடிய பார்வை என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள், டீச்சர். மலைநாட்டில் நான் பார்க்கும் நோயாளர்களில் பலர் இதை நம்பி நகையை அடகு வைக்கிறார்கள். விலை கூடும்போது கிடைப்பது கண்ணாடி இல்லாமல் வாசிக்கும் வசதி. தெளிவு அல்ல. சாதாரண லென்ஸ் வைத்துக்கொண்டு, வாசிக்க ஒரு கண்ணாடி போட்டுக்கொள்பவரின் தூரப்பார்வை மல்டிபோகல் வைத்தவரின் பார்வையைவிட எந்த விதத்திலும் குறைந்ததல்ல, இருட்டிலும் பனியிலும் பல நேரம் மேலானது. ‘லேசர் ஒப்பரேஷன்’ என்று சொல்லி விலையைக் கூட்டுவதும் நடக்கிறது. பேகோ முறையில் புரையைக் கரைப்பது லேசர் அல்ல, அல்ட்ராசவுண்ட் அலை. உங்கள் பில்லில் லேசர் என்று எழுதியிருந்தால் எந்த லேசர், எதற்கு என்று கேளுங்கள்.

நுவரெலியாவைச் சொல்லிப் பயமுறுத்தியது பற்றி

இதை நான் லேசாக விடப்போவதில்லை. 2023 ஏப்ரலில் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை உட்பட சில அரச வைத்தியசாலைகளில் கண் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் கடுமையான தொற்று ஏற்பட்டது. சிலருடைய பார்வை பாதிக்கப்பட்டது. அவர்களுக்கு நடந்தது பெரிய அநியாயம், நம்முடைய மக்கள் அதை மறக்காமல் இருப்பதும் சரி. ஆனால் அங்கே காரணமாகக் காட்டப்பட்டது இந்தியாவிலிருந்து இறக்குமதியான பிரெட்னிசொலோன் சொட்டு மருந்து. அது பாவனையிலிருந்து நிறுத்தப்பட்டது. காரணம் சத்திரசிகிச்சை செய்தவர்களின் கை அல்ல, அந்தக் கட்டடமும் அல்ல. தொற்று என்ற ஆபத்து, அரிதாக இருந்தாலும், எந்த இடத்தில் கண் சத்திரசிகிச்சை செய்தாலும் உண்டு, தனியாரிலும் உண்டு. இன்னொன்றையும் யோசியுங்கள். இலங்கையில் தனியாரில் பார்க்கும் கண் நிபுணர்களில் பலர் காலையில் அரச வைத்தியசாலையில் வேலை செய்பவர்கள்தான். அதே கைகள் அங்கே கட்டணமின்றிச் செய்கின்றன. ஊரார் கண் இழந்த துயரத்தை விற்பனைப் பேச்சாக்குவது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

ஆகவே வலது கண்ணைக் காட்டவும் இடது கண்ணுக்குத் திட்டம் போடவும் அரச வைத்தியசாலைக்கே போகலாம். நுவரெலியா, கண்டி தேசிய வைத்தியசாலை, பதுளை, எது உங்களுக்கு வசதியோ அங்கே. தோட்ட டிஸ்பென்சரியிலோ பக்கத்து ஆஸ்பத்திரியிலோ ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் கண் கிளினிக்கில் சேர்வது இலகு. காத்திருக்க வேண்டிவரும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் “சத்திரசிகிச்சை செய்து ஆறு வாரம், பார்வை குறைகிறது, சீனி வருத்தம்” என்ற மூன்றையும் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். பட்டியலில் கடைசியில் நிற்க வேண்டிய நோயாளி அல்ல அம்மா. பாவிக்கும் எல்லாச் சொட்டு மருந்துப் போத்தல்களையும், சீனி மாத்திரைகளையும், கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் கொடுத்த ஸ்டீரொய்ட் சொட்டு மருந்தை யாரும் சொல்லாமல் தொடர்ந்து பார்மசியில் வாங்கி விடாதீர்கள். கண்ணின் அழுத்தத்தைக் கூட்டக்கூடியது அது.

தாள்களைக் கையில் எடுங்கள்

பணத்துக்கும் முறைப்பாட்டுக்கும் முன், மருத்துவத்துக்கே இவை வேண்டும். கிளினிக்கிடம் எழுத்தில் கேளுங்கள்:

வைத்த லென்ஸின் அட்டை. நிறுவனம், வகை, பவர், தொடர் இலக்கம் எல்லாம் அதில் இருக்கும். லென்ஸ் பெட்டியோடு வரும் ஸ்டிக்கரை நோயாளியின் தாளில் ஒட்டிக் கொடுப்பது வழக்கம். 50,000 கூட்டி வாங்கிய ‘மாற்றிய’ லென்ஸ் எது என்பதற்கும் பதில் அதில்தான் இருக்கிறது. இலங்கையில் பாவிக்கும் லென்ஸ்கள் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையில் பதிவாகியிருக்க வேண்டும். அட்டை இருந்தால்தான் அதையும் விசாரிக்கலாம்.

சத்திரசிகிச்சைக் குறிப்பும், அதற்கு முன் எடுத்த அளவுகளும், கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தின் பிரதியும்.

வாங்கிய ஒவ்வொரு தொகைக்கும் தனித்தனிப் பற்றுச்சீட்டு. முற்பணத்துக்கான சீட்டில் “திருப்பித் தரப்படாது” என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வாயால் சொன்னது வேறு, சீட்டில் இருப்பது வேறு.

பணம் திரும்புமா?

நான் சட்டத்தரணி அல்ல. ஆனால் நோயாளர்களோடு சேர்ந்து இந்த வழியில் போய்ப் பார்த்ததால் சிலவற்றைச் சொல்லலாம்.

“கையெழுத்துப் போட்டாயிற்று, இனி ஒன்றும் செய்ய முடியாது” என்று நினைக்கிறீர்கள். சம்மதம் என்றால் விளங்கிக்கொண்டு கொடுப்பது. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. யாரும் தமிழில் விளக்கவில்லை. மல்டிபோகலின் குறைகளை யாரும் சொல்லவில்லை. மருந்து விட்டு, மேசைக்குப் போகும் நேரத்தில் விலையைக் கூட்டினார்கள். அந்தக் கையெழுத்து அவர்களுக்கு முழுப் பாதுகாப்பு என்று நான் நினைக்கவில்லை. அதோடு, இடது கண்ணுக்குக் கொடுத்த 100,000 இன்னும் செய்யாத வேலைக்கானது. அதைத் திருப்பிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வலது கண்ணுக்குக் கட்டிய முழுத் தொகையும் திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். கடைசி நேரத்தில் கூட்டிய 50,000க்கு விளக்கம் கேளுங்கள். விளக்கம் இல்லாவிட்டால் பணத்தைக் கேளுங்கள்.

போனில் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரு பக்கக் கடிதம் போதும். இப்படி எழுதலாம்: “என் தாயின் வலது கண்ணில் இன்ன திகதியில் சத்திரசிகிச்சை செய்தீர்கள். பார்வை குறைந்துள்ளதால் வேறு நிபுணரிடம் காட்டுகிறோம். இடது கண் சத்திரசிகிச்சைக்குச் சம்மதத்தை மீளப் பெறுகிறோம். முற்பணம் 100,000 ரூபாவை 14 நாளுக்குள் திருப்பித் தரவும். லென்ஸ் அட்டை, சத்திரசிகிச்சைக் குறிப்பு, சம்மதப் படிவத்தின் பிரதிகளையும் தரவும்.” அம்மாவின் கையெழுத்தோடு பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தமிழில் எழுதினால் விளங்கவில்லை என்று சாட்டுச் சொல்ல இடம் கொடுக்காமல் ஆங்கிலப் பிரதி ஒன்றையும் வையுங்கள். திட்டும் சொல் ஒன்றும் வேண்டாம். திகதியும் தொகையும் பேசட்டும்.

பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். ஆறு வாரம் போய்விட்டது என்பதை மனதில் வையுங்கள். கிளினிக்கின் நடைமுறை பற்றிய முறைப்பாட்டைத் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபைக்கு அனுப்பலாம். 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். அந்தக் கிளினிக் பதிவாகியிருக்கிறதா என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. டொக்டரின் நடத்தை பற்றியது என்றால் இலங்கை மருத்துவ சபை. அதற்கு அவசரப்பட வேண்டாம். இரண்டாவது நிபுணரின் பரிசோதனை முடிவு வரட்டும். சிக்கல் வந்ததாலேயே கவனக்குறைவு என்று ஆகிவிடாது. நல்ல கையிலும் சிக்கல் வரும். விழித்திரையைப் பார்க்காமலே அந்த லென்ஸை வைத்தார்கள் என்று தெரிந்தால் அது வேறு கதை. நட்டஈடு வரை போவதென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் ஆலோசனை கேளுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணமின்றி உதவுவார்கள்.

வேனில் கூடப் போன மற்றவர்களையும் தேடிப் பேசுங்கள். ஒரே பேச்சு, ஒரே கழிவு, ஒரே பயமுறுத்தல் என்றால் எல்லோரும் சேர்ந்து எழுதும் முறைப்பாட்டுக்குப் பலம் அதிகம். அவர்களில் சீனி வருத்தம் உள்ளவர்கள் யாராவது இதே லென்ஸுக்கு முற்பணம் கட்டியிருந்தால், செய்வதற்கு முன் விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கோயில் கமிட்டியிடமும் கேளுங்கள்: முகாமுக்கு மண்டபம் கொடுத்தபோது யார் கேட்டார்கள், வேனுக்கு யார் பணம் கொடுத்தார்கள்? முகாம்கள் எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. முகாம் நடக்காவிட்டால் கண்ணைக் காட்டாமலே இருந்திருக்கக்கூடிய பலருக்கு அவற்றால் பார்வை கிடைத்திருக்கிறது. அடுத்த தடவை, முகாமில் புரை என்று சொன்னவர்களின் பெயரை எழுதி அரச கண் கிளினிக்குக்கும் அனுப்புவதென்ற நிபந்தனையோடு மண்டபத்தைக் கொடுக்கட்டும்.

தம்பியின் பேஸ்புக் பதிவு இப்போதைக்கு வேண்டாம். கோபம் நியாயமானது. ஆனால் நிரூபிக்க முடியாத ஒரு வரி வந்துவிட்டால் அவதூறு என்று அவர்கள் உங்கள் பக்கம் திரும்புவார்கள். இணையத்தில் போடும் பதிவுகள் பற்றி 2024 இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. முறைப்பாட்டின் முடிவு கையில் வந்த பிறகு நடந்ததை மட்டும் எழுதட்டும்.

அடுத்த வாரத்துக் கிளினிக் நாளுக்கு, “வரவில்லை, கடிதம் அனுப்பியிருக்கிறோம்” என்று ஒரு குறுந்தகவல் அனுப்பிவிட்டு அதன் படத்தை எடுத்து வையுங்கள். திரும்பத் திரும்ப அழைத்தால் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அம்மாவின் போனில் அந்த இலக்கத்தைத் தடுத்துவிடுங்கள். அவர் தனியாக இருக்கும்போது பேசி ஒப்புக்கொள்ள வைத்துவிடக்கூடும். பார்வை சரியாகும் வரை இரவில் வெளியே போகும்போது ஒரு டோர்ச்சும் துணைக்கு ஒரு ஆளும் வேண்டும். சீனி அளவை இந்த நாட்களில் கட்டுக்குள் வைத்திருப்பது விழித்திரைக்கு எந்த லென்ஸையும்விட அதிக நன்மை செய்யும். ஓசிடி எடுத்ததும் அதன் தாளைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். விழித்திரையில் நீர் இருக்கிறது என்றால் அடுத்து என்ன என்பதையும், இல்லை என்றால் கண்ணாடியா லென்ஸ் மாற்றமா என்பதையும் அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.